கணக்கேட்டின் மேல் நிற்கும் புத்தகங்கள்

மூன்று புத்தகங்களை மேசைமேல் அடுக்கி எடுத்த படம் ஒன்றை இளம் நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். ஒன்று பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் திருச்சபை பிளந்த சமயச் சீர்திருத்த காலத்தைப் பற்றியது, மற்றொன்று தொழிற்புரட்சி, மூன்றாவது அச்சுப் பண்பாடு. மூன்றும் பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் வெளியீடுகள், மூன்றும் தடிமனானவை. படத்துக்குக் கீழே ஒரே வரி: “இந்த வருஷம் இதுல ஒண்ணுதான் முடியும். எதை எடுக்கட்டும்ணா?”

இரண்டு நாள் பதில் எழுதவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. எதையாவது ஒன்றைச் சொல்லிவிட்டால், அடுத்த பத்து வருடத்துக்கு அவர் வரலாற்றைப் பார்க்கப்போகும் கண்ணாடியை நான் மாட்டிவிடுகிறேன் என்று தோன்றியது. ஏனென்றால் இந்த மூன்று துறைகளின் அலமாரிகளிலும் இருப்பது ஒரே கேள்விக்கான மூன்று பதில்கள்தான். கடந்த ஐந்நூறு ஆண்டுகளில் மனித வாழ்க்கை ஏன் இப்படித் தலைகீழாகப் புரண்டது? சமயத்தின் வரலாற்றை எழுதுபவர் மனம் மாறியது என்கிறார். தொழிலின் வரலாற்றை எழுதுபவர் கூலியையும் நிலக்கரியையும் எந்திரத்தையும் காட்டுகிறார். அச்சின் வரலாற்றை எழுதுபவர் தாளையும் ஈய எழுத்தையும் எடுத்து வைக்கிறார். முதலில் யார் பேச்சைக் கேட்கிறோமோ அவர் பேச்சு காதிலேயே தங்கிவிடும். பிறகு வருகிறவர்கள் அதோடு வாதாட வேண்டியிருக்கும்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய புத்தகத்தில் விழுந்து கிடந்தேன். அச்சு வந்தது, அதனால் திருச்சபை பிளந்தது, அதனால் அறிவியல் வளர்ந்தது, அதனால் ஆலைகள் எழுந்தன என்று ஒரே மூச்சில் ஐந்நூறு ஆண்டுகளைத் தாண்டும் புத்தகம். நடை அருமையாக இருந்தது. படித்த வேகத்தில் ஒரு வாசிப்பு வட்டத்தில் நாற்பது நிமிடம் அதைப் பற்றிப் பேசினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசி வரிசையில் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேசி முடித்ததும் மெதுவாகக் கேட்டார்: “நல்லாச் சொன்னீங்க தம்பி. ஆனா அந்த அச்சுக்கூடத்துல தாளுக்குக் காசு கொடுத்தது யாரு?”

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், அதற்கும் தெரியவில்லை. அந்த அத்தியாயத்தின் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு குறிப்புகூட ஆவணக்காப்பகத்துக்குப் போகவில்லை. எல்லாமே அதே மாதிரியான பிற பெரிய புத்தகங்களைக் காட்டின. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்ல, அவர் சொன்னதை மூன்றாமவர் மேற்கோள் காட்ட, நான்காவதாக நான் மேடையில் நின்றிருக்கிறேன். அன்றைய கூச்சம் இன்னும் இருக்கிறது. அந்தக் கேள்வியும் இருக்கிறது. அன்றுமுதல் எந்த ஆய்வுநூலைக் கையில் எடுத்தாலும் என் முதல் சல்லடை அதுதான்: காசு யார் கொடுத்தது, அதை எந்த ஏட்டில் எழுதி வைத்தார்கள், இந்த ஆசிரியர் அந்த ஏட்டைப் பிரித்துப் பார்த்தாரா?

ஐரோப்பாவில் உலோக எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறையைத் தொடங்கிய கூட்டன்பர்கையே எடுத்துக்கொள்வோம். அவருடைய அச்சுக்கூடத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் முக்கியமான பகுதி ஒரு வழக்கிலிருந்து வருகிறது. யோகான் ஃபுஸ்ட் என்பவர் அவருக்கு 800 குல்டன் (அன்றைய பொற்காசு) வீதம் இரண்டு முறை பணம் கொடுத்திருந்தார். வட்டியும் முதலும் கேட்டு வழக்காடினார். 1455 நவம்பர் 6ஆம் தேதியிட்ட அந்த வழக்குப் பத்திரம் இன்றும் இருக்கிறது. அந்தப் பத்திரத்தைப் படித்து எழுதும் ஆசிரியர் நமக்குக் காட்டும் கூட்டன்பர்க், கடன்பட்ட ஒரு தொழில்முனைவர். படிக்காமல் எழுதுபவர் காட்டும் கூட்டன்பர்க், ஒளிவட்டம் சூடிய ஒரு மேதை. இரண்டும் ஒரே ஆள் என்று நம்புவது கடினம்.

இன்னொன்றையும் பார்க்கலாம். பைபிளுக்காகவே அச்சு பிறந்தது என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் எழுத்துக் கோத்து அச்சிட்ட, தேதி தெரிந்த தாள்களில் ஐரோப்பாவில் மிகப் பழையவை 1454ஆம் ஆண்டின் பாவமன்னிப்புச் சீட்டுகள், அதாவது பணம் கொடுத்தவருக்குப் பாவத்தின் தண்டனை நீங்கும் என்று திருச்சபை வழங்கிய சீட்டுகள். சைப்ரஸைத் துருக்கியரிடமிருந்து காக்க நிதி திரட்டுவதற்காக அச்சிடப்பட்டவை. பணம் கொடுப்பவர் பெயரையும் தேதியையும் கையால் நிரப்பிக்கொள்ள இடம் விட்டிருந்தார்கள். அதாவது அவை படிவங்கள். இன்று நாம் அலுவலகங்களில் நிரப்பிக் கொடுக்கிறோமே, அதன் மூதாதை. ஒரே தாளில் சமயம் இருக்கிறது, வணிகம் இருக்கிறது, அச்சு இருக்கிறது. மூன்று அலமாரிகளும் தனித்தனியாகப் பிரிவதற்கு முந்தைய நிலை அது. அந்தச் சீட்டைப் பற்றி ஒரு புத்தகம் என்ன சொல்கிறது என்று அதன் கடைசியில் உள்ள சொல்லடைவில் தேடிப் பார்ப்பது என் வழக்கம். ஒன்றும் சொல்லாத புத்தகத்தை வாங்குவதற்கு முன் ஒரு நாள் யோசிப்பேன்.

அதனால், மூன்றில் ஒன்று என்றால் அச்சு பற்றிய புத்தகத்திலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். அச்சு மற்ற இரண்டையும்விடப் பெரிய காரணம் என்பதால் சொல்லவில்லை. அச்சுக்கூடம்தான் நம்பிக்கையும் உழைப்பும் ஒரே கூரைக்கு அடியில் கணக்கு வைத்துக்கொண்ட இடம். கையால் அச்சடித்த காலத்தில் ஒரு நூலின் செலவில் பாதிவரைகூடத் தாளுக்கே போய்விடும். விற்காமல் போனால் அந்தத் தாள் அத்தனையும் நட்டம். அப்படி ஒரு தொழிலில் இருப்பவர் எதை அச்சிடலாம் என்று முடிவெடுக்கும்போது அவருடைய கடவுளும் கடன்காரரும் ஒரே அறையில் நிற்கிறார்கள்.

ஆங்கிலேய அச்சுக்கூடங்களில் தொழிலாளர்கள் தங்கள் கூடத்துக்கே ‘சேப்பல்’, அதாவது சிற்றாலயம், என்று பெயர் வைத்திருந்தார்கள். 1683இல் ஜோசப் மாக்ஸன் அச்சுத்தொழில் பற்றி எழுதியபோதே அது நினைவுக்கு எட்டாத பழைய வழக்கம் என்று பதிவு செய்திருக்கிறார். பிற்காலத்தில் அச்சுத் தொழிற்சங்கக் கிளைகளுக்கும் அந்தப் பெயர் தொடர்ந்தது. கிளையின் தலைவருக்கு ‘சேப்பலின் தந்தை’ என்று பெயர். தொழிற்சங்கத்தின் கிளைக்கு ஆலயத்தின் பெயர். சமயம், தொழில், அச்சு என்று நாம் பிரித்து வைத்த கோடுகள் அந்தக் கூடத்துக்குள் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கவே இல்லை.

இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப் நகரத்தின் கிறிஸ்தோஃப் பிளாண்டின் பற்றிச் சொல்லாமல் இதைக் கடந்துபோக எனக்கு மனம் வராது. புத்தகம் கட்டுபவராக (பைண்டராக) இருந்து 1555இல் அச்சகம் தொடங்கியவர். ஒரு கட்டத்தில் 16 அச்சுப்பொறிகள் அவரிடம் ஓடின. அன்றைய ஐரோப்பாவில் அது ஓர் ஆலைக்குச் சமம். ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பின் ஆதரவில் ஐந்து மொழிகளில் எட்டுத் தொகுதிகளாகப் பைபிளை அச்சிட்டார். ஸ்பெயினின் ஆட்சிப்பகுதிகளுக்கு வழிபாட்டு நூல்களை அச்சிட்டு அனுப்பும் உரிமையையும் பெற்றார். அதே மனிதருக்கு, திருச்சபை ஏற்காத ஒரு மறைவான சமயக் குழுவுடன் தொடர்பு இருந்தது என்று ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். கத்தோலிக்க அரசருக்கு அச்சிட்டுக்கொண்டே மனத்தில் வேறொன்றை வைத்திருந்த ஒருவர்!

பிளாண்டினை நாம் இவ்வளவு நெருக்கமாக அறியக் காரணம், அவர் குடும்பம் கணக்கேடுகளைத் தூக்கிப் போடவில்லை என்பதே. எந்த வாரம் எந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு கூலி, எந்த வணிகரிடம் எத்தனை கட்டுத் தாள், எந்த நூல் எத்தனை பிரதி என்று எழுதி வைத்த ஏடுகள் அதே கட்டடத்தில், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் இடத்தில், இருக்கின்றன. 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. லியோன் வோயட் அந்த ஏடுகளை வைத்து 1969இலிருந்து 1972க்குள் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். படிக்க வேகமான நூல் இல்லை. ஆனால் அதில் இருபது பக்கம் படித்தவருக்கு ‘அச்சு உலகை மாற்றியது’ என்ற வாக்கியத்தை அப்படியே விழுங்க முடியாது. எந்த அச்சு, யாருடைய கூலியில், எத்தனை பிரதி என்று கேட்கத் தோன்றும்.

அச்சு பற்றிய நூல்களுக்குள்ளேயே எதை எடுப்பது என்று வரும்போது ஒரு பெரிய விவாதம் குறுக்கே நிற்கிறது. வரலாற்றாசிரியர் எலிசபெத் ஐசென்ஸ்டைன் 1979இல் வெளியிட்ட இரண்டு தொகுதிகள், அச்சுப்பொறியை மாற்றத்தின் கருவியாக நிறுத்தின. கையெழுத்துப் படிகள் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டிருந்தன. அச்சு வாசகத்துக்கு நிலைத்தன்மை கொடுத்தது. ஒரே வரைபடத்தையும் ஒரே அட்டவணையையும் வெவ்வேறு ஊர்களில் இருந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது என்பது அவர் வாதம். 1998இல் இன்னொரு வரலாற்றாசிரியர் ஏட்ரியன் ஜான்ஸ் வந்து அந்த நிலைத்தன்மையையே கேள்வி கேட்டார். லண்டன் அச்சுக்கூடங்களில் திருட்டுப் பதிப்பும் பிழையும் மலிந்திருந்தன, அச்சிட்ட தாளை நம்பலாம் என்ற எண்ணம் எந்திரத்திலிருந்து தானாக வரவில்லை, மனிதர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கினார்கள் என்றார். 2002இல் ஓர் ஆய்விதழில் இருவரும் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள்.

நான் ஜான்ஸ் பக்கம். 1631இல் லண்டனில் அரச அச்சகத்தார் வெளியிட்ட பைபிளில் பத்துக் கட்டளைகளில் ஒன்றில் ‘செய்யாதே’ என்பதற்குப் பதில் ‘செய்’ என்று அச்சாகிவிட்டது. விபச்சாரம் செய்வாயாக! அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. கையெழுத்துப் படியில் நேர்ந்திருந்தால் ஒரு பிரதியோடு போயிருக்கும் பிழை. நிலைத்தன்மை தரும் கருவி, பிழைக்கும் அதே நிலைத்தன்மையைத் தருகிறது. மெய்ப்புப் பார்ப்பவரின் கண், உரிமம் கொடுக்கும் அரசு, அபராதம், போட்டியாளரின் புகார் எல்லாம் சேர்ந்துதான் ‘அச்சிட்டிருக்கிறது, ஆகவே சரியாக இருக்கும்’ என்ற நம்பிக்கை வளர்ந்தது. ஆனாலும் ஐசென்ஸ்டைனைப் படிக்காமல் ஜான்ஸைப் படிக்காதீர்கள். எதற்குப் பதில் சொல்கிறார் என்று தெரியாமல் பதிலைப் படிப்பது, பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவர் வழியாகக் கேட்பது போல. ஒன்றே ஒன்றுதான் முடியும் என்பவருக்கு இரண்டையும் விட்டுவிட்டு, லூசியன் ஃபெவ்ர், ஆன்றி-ழான் மார்த்தேன் இருவரின் பெயரிலும் 1958இல் பிரெஞ்சில் வந்த, புத்தகத்தின் வருகை பற்றிய நூலைச் சொல்வேன். ஃபெவ்ர் 1956இலேயே இறந்துவிட்டார். பெரும்பகுதி மார்த்தேன் எழுதியது. அது தாளிலிருந்து தொடங்குகிறது. அது ஒன்றே எனக்குப் போதும்.

ஐரோப்பாவுக்கு வெளியே அச்சு பற்றி ஒரு நூல் எத்தனை பக்கம் ஒதுக்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிபி 868இல் சீனாவில் வாங் ஜியே என்பவர் தன் பெற்றோருக்குப் புண்ணியம் சேர இலவசமாக வழங்குவதற்கென்று அச்சிடச் செய்த வஜ்ரச் சூத்திரம் என்ற பௌத்த நூல், தேதி உள்ள முழு அச்சு நூல்களில் மிகப் பழையது. கொரியாவில் 1377இல் ஒரு பௌத்த மடத்தில் உலோக எழுத்துகளைக் கொண்டு அச்சிட்ட நூல் இன்று பாரிஸில் இருக்கிறது. அதற்கும் ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னால், எட்டாம் நூற்றாண்டில் ஜப்பானியப் பேரரசி ஷோட்டோக்கு, பத்து லட்சம் சிறு மரக் கோபுரங்கள் செய்வித்து ஒவ்வொன்றிலும் ஒரு மந்திரத் தாளை அச்சிட்டு வைக்கச் சொன்னார். வைத்து மூடிவிட்டார்கள். யாரும் படிப்பதற்காக அவை அச்சிடப்படவில்லை. அச்சு என்றால் வாசிப்பு, வாசிப்பு என்றால் விழிப்பு என்று நேர்கோடு போடும் நூல்கள் இந்தக் கோபுரங்களுக்கு முன்னால் வந்து சற்று நின்று பேச வேண்டும். நிற்கிறதா என்று பாருங்கள்.

அதே போல எனக்கொரு சோதனை உண்டு. துருக்கிய சுல்தான்கள் ஆண்ட உதுமானியப் பேரரசு என்ற சொல்லைச் சொல்லடைவில் தேடுவேன். ‘சுல்தான்கள் அச்சுக்குத் தடை விதித்தார்கள், அதனால் இஸ்லாமிய உலகம் பின்தங்கியது’ என்று இரண்டு வரியில் முடித்திருந்தால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவேன். ஸ்பெயினிலிருந்து வந்த யூதர்கள் 1493இலேயே இஸ்தான்புலில் எபிரேய நூல் அச்சிட்டிருக்கிறார்கள். இப்ராகிம் முதெஃபெரிக்கா 1727இல் அரச அனுமதி பெற்று, 1729இல் முதல் துருக்கிய நூலை வெளியிட்டார். நடுவில் இருந்த நூற்றாண்டுகளில் தடை ஆணை ஒன்று இருந்தது என்று திரும்பத் திரும்ப எழுதப்பட்டதே தவிர, அந்தக் கூற்றின் ஆதாரத்தை அண்மைக்கால ஆய்வுகள் கடுமையாகக் கேள்வி கேட்கின்றன. ஒரு நாகரிகத்தையே இரண்டு வரியில் தீர்ப்பளிக்கிறவர், அந்த இரண்டு வரிக்காவது மூல ஆவணத்தைத் தேடியிருக்க வேண்டும் அல்லவா?

மக்கள் நினைப்பதைவிடச் சமய வரலாற்று அலமாரி பெரிது. அங்கே இறையியல் வரலாறு, திருச்சபை வரலாறு, சீர்திருத்தத் தலைவர்களின் வாழ்க்கை என்று நூல்கள் நிற்கும். இவற்றை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். சமயத்தை அதன் தலைவர்கள் எழுதியதிலிருந்து எழுதுவது எளிது. அவர்கள் நிறைய எழுதினார்கள், அச்சிட்டார்கள். ஜெர்மனியில் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தரைப் பாருங்கள். 1517க்குப் பிறகு அவர் எழுதியது குட்டிக் குட்டிப் பிரசுரங்கள், மக்கள் பேசிய ஜெர்மன் மொழியில். சில தாள்களை மடித்தால் போதும், ஒரே வாரத்தில் சந்தைக்கு வந்துவிடும், அச்சிட்டவருக்குக் காசும் உடனே திரும்பிவிடும். விட்டன்பர்க் என்ற சிற்றூர் அவரால் ஜெர்மனியின் பெரிய அச்சு மையங்களில் ஒன்றாயிற்று. ஓவியர் கிரானாக் அந்தப் பிரசுரங்களுக்கு முகப்பு அலங்காரம் வடிவமைத்துத் தந்தார். ஆண்ட்ரூ பெட்டிக்ரி 2015இல் எழுதிய நூல் இந்தப் பக்கத்தை அழகாகக் காட்டுகிறது. லூத்தரின் நம்பிக்கையைக் குறைத்துக் காட்டாமலேயே அவர் அச்சுக்கூடத்துக்குப் போய் வந்ததைக் காட்டும் நூல் அது.

ஆனால் கேட்டவனின் சமயம்? பிரசுரத்தை வாங்கிய, அல்லது அதை ஒருவர் படிக்க ஓரமாக நின்று கேட்டவனின் மனம்? அங்கேதான் கார்லோ கின்ஸ்பர்க் 1976இல் எழுதிய நூல் நிற்கிறது. இத்தாலியின் ஃப்ரியுலியில் மெனோக்கியோ என்ற மாவரைப்பவர். திருச்சபைக் கொள்கைக்கு மாறாகப் பேசுபவர்களை விசாரிக்கும் மன்றம் அவரை இரண்டு முறை விசாரித்தது. 1599இல் மரண தண்டனை. அவர் படித்ததாகத் தெரியவருபவை ஏறத்தாழ ஒரு டஜன் நூல்கள். அவற்றை வைத்துக்கொண்டு, பாலிலிருந்து பாலாடைக்கட்டி திரண்டு அதில் புழுக்கள் தோன்றியது போல உலகமும் தேவதூதர்களும் தோன்றியதாகச் சொன்னார். எந்த நூலிலும் அப்படி இல்லை. அவர் தம்முடைய கிராமத்து வாய்மொழி அறிவை அச்சுக்குள் ஊற்றிப் படித்திருக்கிறார் என்பது கின்ஸ்பர்கின் வாதம். படிப்பவன் வெற்றுப் பாத்திரம் இல்லை. இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளவே அந்தச் சிறிய நூலைப் பலருக்கும் கொடுத்திருக்கிறேன்.

தொழில் பக்கம் வருவதற்கு முன் ஓர் அச்சகக்காரரைச் சந்தித்துவிட்டுப் போகலாம். ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904-05இல் எழுதிய புராட்டஸ்டண்ட் அறம் பற்றிய கட்டுரைகளை எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். சீர்திருத்தத் தலைவர்களில் ஒருவரான கால்வினின் வழிவந்த நம்பிக்கையில் ஊறிய உழைப்பு ஒழுக்கம் முதலாளித்துவ மனப்பான்மைக்குத் துணைநின்றது என்பது அதன் சாரம். அந்த மனப்பான்மைக்கு வேபர் எடுத்துக்காட்டும் ஆள் அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளின். நேரமே பணம் என்று எழுதியவர். பிராங்க்ளின் யார்? அச்சகக்காரர். ஊர் ஊராய்ப் போய் ஆயிரக்கணக்கானோர் முன் பிரசங்கம் செய்த ஜார்ஜ் வைட்ஃபீல்டின் நூல்களை அச்சிட்டு விற்றவர். காகிதப் பணம் அச்சிட்டவர். அவர் கணக்கேடுகளும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றைப் படித்த ஆய்வாளர்கள், அவரைப் போன்ற அச்சகங்களைத் தாங்கியது பெரிய நூல்களைவிடப் படிவங்களும் விளம்பரங்களும் பஞ்சாங்கங்களுமான சில்லறை வேலைதான் என்று காட்டியிருக்கிறார்கள். ஒரே மனிதர். சமய அலமாரியில் ஓர் அறநெறியின் உருவம். தொழில் அலமாரியில் சிறுதொழில் முதலாளி. அச்சு அலமாரியில் படிவம் அடித்துக் கொடுப்பவர். மூன்றாவது அலமாரியில் அவரைப் பார்த்த பிறகு வேபரைத் திரும்பப் படித்தபோது, எனக்கு வேபர் மேல் மதிப்பு குறையவில்லை. அவர் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

வேபருக்கு நூறாண்டு கழித்து, 2009இல், சாஷா பெக்கரும் லூட்கர் வோஸ்மனும் என்ற பொருளியலாளர்கள், ஜெர்மன் அரசுகளில் பெரியதான பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரஷ்யாவின் மாவட்டவாரிக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். புராட்டஸ்டண்ட் மாவட்டங்கள் பொருளாதாரத்தில் முன்னே நின்றதற்குப் பெரும்பங்குக் காரணம் எழுத்தறிவு என்று வாதிட்டார்கள். பைபிளைத் தாமே படிக்க வேண்டும் என்று லூத்தர் சொன்னார். படிக்கக் கற்றவர்களுக்கு அந்தப் படிப்பு தொழிலிலும் உதவியது. இதோடு ஒத்துப்போகாதவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது, மூன்று அலமாரிகளுக்கும் நடுவில் ஒரு கதவு இருப்பதை அவர்கள் எண்களால் தட்டிக் காட்டியதுதான்.

தொழிற்புரட்சி பற்றி எழுதியவை ஏராளம். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் கூலி அதிகம், நிலக்கரி மலிவு, ஆகவே எந்திரம் கண்டுபிடிப்பது லாபம் என்று ராபர்ட் ஆலன் 2009இல் எழுதினார். நிலக்கரியோடு காலனிகளின் நிலமும் சேர்ந்ததால்தான் ஐரோப்பா சீனாவை முந்தியது என்று கென்னத் பொமரன்ஸ் 2000இல் எழுதினார். இருவரையும் படிக்க வேண்டியதுதான். ஆனால் முதல் நூலாக எனக்குப் பிடித்தது ஜேன் ஹம்ப்ரீஸ் 2010இல் எழுதிய குழந்தைத் தொழிலாளர் பற்றிய நூல். அறுநூறுக்கும் மேற்பட்ட உழைக்கும் ஆண்களின் தன்வரலாறுகளை அவர் படித்தார். எத்தனை வயதில் வேலைக்குப் போனான், அப்பா இருந்தாரா, பள்ளிக்கூடம் எத்தனை மாதம் என்று அவற்றிலிருந்து எண்ணி எடுத்தார். எந்திரம் எப்படி ஓடியது என்று சொல்லும் நூல்கள் நிறைய. அதன் அடியில் குனிந்து நூலிழை பொறுக்கிய எட்டு வயதுப் பிள்ளையின் சொல்லை ஆதாரமாக எடுத்துக்கொண்ட நூல் குறைவு. அதற்கும் ஒரு குறை உண்டு: பெண் பிள்ளைகள் தம் கதையை எழுதும் அளவுக்கு எழுத்து கிடைக்காமல் போனதால் அவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அதை ஆசிரியரே எடுத்துச் சொல்கிறார். தன் ஆதாரம் எங்கே முடிகிறது என்று சொல்லும் ஆசிரியரை நான் கூடுதலாக நம்புகிறேன்.

மூன்றையும் ஒரே நூலில் கேட்பவர்களுக்கு லெஸ்லி ஹவ்சம் 1991இல் எழுதிய மலிவுப் பைபிள்கள் பற்றிய நூலைச் சொல்வேன். 1804இல் லண்டனில் தொடங்கிய பைபிள் சங்கம், குறிப்போ உரையோ சேர்க்காமல் பைபிளை மட்டும் அச்சிட்டுப் பரப்ப வேண்டும் என்று தீர்மானித்தது. அதற்கு லட்சக்கணக்கில் பிரதிகள் வேண்டும். கோத்த எழுத்துகளை ஒவ்வொரு பதிப்புக்கும் கலைத்துக் கலைத்துக் கோக்காமல், பக்கத்தையே தகடாக வார்த்து வைத்துக்கொள்ளும் முறை அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. சங்கம் அதற்குப் பெரிய வாடிக்கையாளர் ஆயிற்று. ஏழைகளிடம் வாரம் ஒரு பென்னி வாங்கி பைபிளை விற்றார்கள். இலவசமாகக் கொடுத்தால் மதிக்கமாட்டார்கள் என்பது அவர்கள் எண்ணம். 1814 நவம்பர் 29 அன்று லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் நீராவி அச்சுப்பொறியில் மணிக்கு 1,100 தாள் அடித்ததை எல்லா நூல்களும் கொண்டாடுகின்றன. கையால் இழுக்கும் பொறியில் 250 தாண்டுவதே கடினம் என்பதால் கொண்டாட்டம் நியாயம்தான். ஆனால் பெருந்தொகை உற்பத்திக்கான பசி செய்தித்தாளிடமிருந்து மட்டும் வரவில்லை, வேதத்தைப் பரப்பத் துடித்தவர்களிடமிருந்தும் வந்தது என்பதை அந்த நூல் சங்கத்தின் ஆவணங்களிலிருந்து காட்டுகிறது. பக்தி, தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று பழகிப்போன மனத்துக்கு அது நல்ல மருந்து.

நடைமுறைக்கு வருகிறேன், நண்பர் கேட்டது அதைத்தானே. நூலகத்தில் அரை மணி நேரம் கிடைத்தால், அட்டைப் பின்புறத்துப் பாராட்டுகளைப் படிக்காதீர்கள். நன்றியுரையைப் படியுங்கள், எந்த ஆவணக்காப்பகங்களில் எத்தனை காலம் உட்கார்ந்தார் என்பது அங்கேதான் வெளிப்படும். துணைநூற்பட்டியலில் கையெழுத்து ஆவணங்கள் தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நடுவிலுள்ள ஏதாவது ஓர் அத்தியாயத்தில் ஐந்து பக்கம், கூடவே அதன் அடிக்குறிப்புகள். முன்னுரையில் யாரோடு வாதாடுகிறார், அவர்களின் வாதத்தை நேர்மையாக எடுத்துச் சொல்லிவிட்டு மறுக்கிறாரா என்று பாருங்கள். ஆய்விதழ்களில் வரும் மதிப்புரைகளில் இரண்டையாவது தேடுங்கள், அதிலும் ஒத்துப்போகாதவர் எழுதியது ஒன்று. முப்பது ஆண்டு பழைய நூலென்றால் தள்ளிவிட வேண்டாம். மறுபதிப்புக்கு எழுதிய புதிய முன்னுரையில் ஆசிரியர் எதைத் திருத்திக்கொண்டார் என்று பார்த்தால் அதுவே ஒரு பாடம்.

கணக்கேடு எல்லாவற்றையும் சொல்லாது என்பதும் எனக்குத் தெரியும். கூலி வாங்கியவன் அழுதானா என்று அதில் இருக்காது. இதை எழுதும்போதே, அப்படி இருக்காது என்று சொல்வது முழு உண்மையும் இல்லை என்று ஒரு நூல் என்னைத் தடுக்கிறது. ஏமன் டஃபி 2001இல் எழுதியது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் மோர்பாத் என்ற குக்கிராமம். 33 குடும்பங்கள். 1520 முதல் 1574 வரை அங்கே பாதிரியாராக இருந்தவர் கிறிஸ்டோபர் டிரிக்கி. ஆலயத்தின் வரவு செலவை அவரே எழுதி, ஊரார் முன் படித்துக் காட்டினார். எட்டாம் ஹென்றி, எட்வர்டு, மேரி, எலிசபெத் என்று நான்கு ஆட்சிகள். கத்தோலிக்கமா சீர்திருத்தமா என்று ஒவ்வோர் ஆட்சியிலும் சமயம் ஒவ்வொரு திசையில் திரும்பியது. எல்லாம் அந்த ஏட்டில் செலவாகப் பதிவாகியிருக்கிறது. அரசு கட்டாயப்படுத்தி வாங்கச் சொன்ன அச்சிட்ட ஆங்கில நூல்களின் விலைகூட.

அந்த ஏட்டில் ஒரு செய்தி வருகிறது. இறந்தவர்களுக்கான பூசையில் பாதிரியார் அணிய ஒரு கறுப்பு அங்கித் தொகுதி வேண்டும் என்று டிரிக்கி ஆசைப்பட்டார். ஏழை ஊர். தமக்கு வர வேண்டிய சிறு வருமானங்களை அவர் அதற்கென்று விட்டுக்கொடுக்க, சுமார் இருபது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். 1547இல் அங்கி வந்துசேர்ந்தது. அந்த ஆண்டுதான் எட்வர்டு அரியணை ஏறினார். அவர் ஆட்சி சீர்திருத்தத்தின் பக்கம். இறந்தவர்களுக்கான பூசையே சிறிது காலத்தில் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 1549இல், அச்சிட்ட புதிய வழிபாட்டு நூலை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் கிளர்ந்து எழுந்தபோது, மோர்பாத்திலிருந்து ஐந்து இளைஞர்களைக் கிளர்ச்சி முகாமுக்கு அனுப்பிய செலவும் அதே ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. வில்லுக்கு இவ்வளவு, வாளுக்கு இவ்வளவு, வழிச்செலவுக்கு இவ்வளவு.

நண்பருக்கு நேற்று பதில் அனுப்பிவிட்டேன். படத்தில் இருந்த அச்சு நூலை எடுங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாரம் இந்தச் சிறிய மோர்பாத் நூலைப் படித்துவிடுங்கள் என்று. சற்று நேரத்தில் கேட்டார்: “அந்த அஞ்சு பேரும் திரும்பி வந்தாங்களா அண்ணா?” ஏட்டின் அடுத்த பக்கங்களைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.